விமான நிலையப் பயணத்துக்கு வேன் அமர்த்துதல்

விமான நிலைய வேன் என்பது ஒரு குழுவினர் முழுவதுமாக வாடகைக்கு எடுத்து, வீட்டு வாசலிலிருந்து விமான நிலையத்துக்கும், திரும்பும்போது அங்கிருந்து ஊருக்கும் செல்லப் பயன்படுத்தும் வண்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டியை ஒப்பந்த ஊர்தி என்ற வகையில் சேர்க்கிறது. வழியில் கைகாட்டும் பிற பயணிகளை இதில் ஏற்றக் கூடாது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் டெம்போ டிராவலர் வகை வேன்களே கிடைக்கின்றன. கோயில் சுற்றுலாவுக்கு ஒரு மணி நேரம் பிந்தினால் ஒரு தரிசனம் தள்ளிப் போகும். விமானத்துக்குப் பிந்தினால் அத்தனை பேருடைய டிக்கெட்டும் போய்விடும். ஆகவே இதைச் சாதாரணச் சுற்றுலா வேன் போல எண்ணி அமர்த்தக் கூடாது.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

பலரும் விமானம் புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பெட்டிகளை ஒப்படைக்கும் கவுன்டர் மூடப்படும் நேரத்தை வைத்தே போட வேண்டும். உள்நாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் அது 60 நிமிடம் முன்பே மூடப்படும். வெளிநாட்டுப் பயணமென்றால் மூன்று மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுவது வழக்கம்.

விழுப்புரத்திலிருந்து மீனம்பாக்கம் ஏறத்தாழ 150 கி.மீ. காலை 10 மணிக்கு உள்நாட்டு விமானம் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டர் 9 மணிக்கு மூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க வேண்டுமாதலால் 7.45க்கு முனைய வாசலில் இறங்கிவிடுவது நல்லது. வேனில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். மணிக்கு 80 கி.மீ. தாண்டாது. "மாப்பிள்ளை காரில் இரண்டு மணி நேரத்தில் போனார்" என்ற பேச்சு இங்கே உதவாது. சராசரி 50 கி.மீ. என்று கொண்டால் மூன்று மணி நேரம். தேநீருக்கு 20 நிமிடம். செங்கல்பட்டு முதல் தாம்பரம் வரை உள்ள நெரிசலுக்கு 40 நிமிடம். வீடு வீடாக ஆட்களை ஏற்ற 30 நிமிடம். கூட்டிக் கழித்தால் முதல் வீட்டு வாசலில் வண்டி நிற்க வேண்டியது அதிகாலை 3.15 மணிக்கு. பொங்கல், தீபாவளி விடுமுறை முடிந்து எல்லாரும் சென்னைக்குத் திரும்பும் நாளில் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதிக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருக்கையும் பெட்டியும்

"12 பிளஸ் 1" என்றால் 12 பயணிகள், ஓட்டுநர் ஒருவர். இதில் பெட்டிகளுக்குக் கணக்கு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் 12 பேர் ஒருமுறை காசிக்குப் புறப்பட்டபோது, தலைகளை மட்டும் எண்ணி அப்படியொரு வண்டியை அமர்த்தினோம். அமர்த்தியவன் நானே, அதுவும் கணக்கு வாத்தியார்! பெட்டிகள் நடைபாதையை அடைத்துக்கொண்டன. மூட்டு வலியுள்ள தோழர் ஒருவர் மீனம்பாக்கம் வரை மடியில் பெட்டியுடன் காலை நீட்ட முடியாமல் வந்தார். அன்றிலிருந்து மூன்று பெரிய பெட்டிக்கு ஓர் இருக்கை என்று கணக்கு வைத்திருக்கிறேன். மேலே கேரியர் உள்ள வண்டியானால் கயிறும் தார்ப்பாயும் உண்டா என்று முன்னாளே கேட்டுவிட வேண்டும்.

வாடகை

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்வது பாதிச் செய்திதான். ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 அல்லது 300 கி.மீ. என்று வைத்திருப்பார்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்குப் பணம் உண்டு. தூரம் வண்டியின் ஷெட்டில் தொடங்கி ஷெட்டில் முடியும். விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வண்டி வெறுமனே திரும்பினாலும் அந்தத் தூரமும் நம் கணக்கில்தான் சேரும். ஓட்டுநர் பேட்டா, டோல்கேட், பார்க்கிங் ஆகியவை தனி.

பலர் கவனிக்காதது நாள் கணக்கு. சில உரிமையாளர்கள் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையே ஒரு நாள் என்பார்கள். காலை 5 மணி விமானத்துக்கு முந்தின இரவு 10 மணிக்குப் புறப்பட்டால் இரண்டு நாள் வாடகை கேட்கக்கூடும். இவற்றையெல்லாம் பேசி முடித்தபின் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கி, முன்பணத்துக்கும் ரசீது பெறுங்கள்.

மஞ்சள் பலகை

டீசலில் ஓடும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உரியது. வெள்ளைப் பலகை வண்டி வாடகை குறைவு என்று ஆசை காட்டுவார்கள். அதை வாடகைக்கு ஓட்டுவது காப்பீட்டு நிபந்தனைக்கு மாறானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. சேமித்த சில நூறு ரூபாய் அப்போது எந்த மூலைக்கு? வண்டி எண் தெரிந்தால் எம்பரிவாகன் செயலியில் காப்பீடும் தகுதிச் சான்றும் நடப்பில் உள்ளனவா என்று பார்க்கலாம்.

திரும்பும் நாள்

ஓட்டுநரிடம் விமான எண்ணையும் முனைய எண்ணையும் கொடுத்துவிட வேண்டும்; தாமதமானால் அவரே பார்த்து அறிந்துகொள்வார். காத்திருப்புக் கட்டணம் எத்தனை மணிக்குப்பின் தொடங்கும் என்பதும் முன்பே பேச வேண்டியது. தரையிறங்கியவுடன் வண்டியை வாசலுக்கு அழைக்காதீர்கள். கடைசிப் பெட்டியும் கைக்கு வந்தபின், குழுவில் ஒருவர் மட்டும் ஓட்டுநருக்குப் போன் செய்தால் போதும்.