உஷார்! காசிக்குப் போறதுக்கு முன்னாடி மேடவாக்கத்திலேயே ஏமாந்துடாதீங்க

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கத்து அக்காமார்களே, மாமிகளே, ரிட்டையர் ஆன பெரியவங்களே! உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் வரும். ஒரு பக்கம் தாஜ்மஹால், இன்னொரு பக்கம் கங்கை ஆரத்தி. நடுவில் மஞ்சள் எழுத்தில் "டெல்லி, ஆக்ரா, மதுரா, அலகாபாத், காசி, கயா. தமிழ்ச் சாப்பாடு. இன்னும் நாலே சீட்!"

அந்த நாலு சீட்டுக்குப் பயந்து ஜிபே பண்ணிடாதீங்க!

கூட்ரோடுக்குக் கிட்ட குடியிருக்கும் ஒரு அம்மா. பேர் வேண்டாம். இறந்துபோன கணவருக்குக் கயாவில் சிராத்தம் செய்யணும், அப்படியே தாஜ்மஹாலையும் ஒருதடவை பார்த்துடணும்னு ஆசை. பயணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போதே முழுப் பணமும் கட்டிட்டாங்க. "டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சும்மா, நிம்மதியா இருங்க"ன்னு அடுத்த நாளே வாய்ஸ் மெசேஜ். கழுத்தில் மாட்டிக்க பேட்ஜ்கூட கூரியரில் வந்தது. கிளம்புற அன்னைக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லியோட சென்ட்ரலில் போய் நின்னா, பணம் வாங்கின டூர் ஏஜென்ட்டோட போன் ஸ்விட்ச் ஆஃப். டிடிஆர் பிஎன்ஆரைத் தட்டிப் பார்த்துட்டு, "இது வேற ட்ரெயின் நம்பர்மா"ன்னுட்டார். பிளாட்பாரத்தில் அதே பேட்ஜோட இன்னும் சில பெரியவங்க முழிச்சிக்கிட்டு நின்னிருக்காங்க.

இதில் கவனிக்க வேண்டியது அந்த மூணு மாசம். வழக்கமான ரயில்களுக்கு முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்குள்தான். முன்னாடி 120 நாள் இருந்தது, இப்போ இல்லை. மூணு மாசத்துக்கு முன்னாடியே டிக்கெட் கன்ஃபர்ம்னு ஒருத்தர் சொன்னா, பொய்! சந்தேகமே வேண்டாம். (ஐஆர்சிடிசி நடத்தும் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் வேற கணக்கு. அதை ஐஆர்சிடிசி தளத்திலேயே நேரா பதிவு பண்ணுங்க, நடுவில் ஆள் எதுக்கு?) பத்து இலக்க பிஎன்ஆரை வாங்கி 139-க்குப் போன் போட்டுப் பாருங்க. நம்பர் தர ஏஜென்ட் தயங்கினாலே எழுந்து வந்துடுங்க.

"வெயிட்டிங் லிஸ்ட்தான், ஏறி உக்காருங்க, டிடிஆரைப் பார்த்துக்கலாம்"னு சொல்றாங்களா? ஏறாதீங்க! 2025 மே 1 முதல் வெயிட்டிங் லிஸ்ட்காரங்களை ஸ்லீப்பரிலும் ஏசியிலும் விடுவதில்லை. ராத்திரி நேரத்தில் தெரியாத ஊர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டா என்ன பண்ணுவீங்க? "சீனியர் சிட்டிசன் சலுகை கழிச்சுத்தான் இந்த ரேட்"னு சொன்னாலும் நம்பாதீங்க. ரயில்வே அந்தச் சலுகையை 2020 மார்ச்சிலேயே நிறுத்திடுச்சு.

அடுத்து, பயணத் திட்டத்தைக் கையில் வாங்கிக் கிழமையைப் பாருங்க. ஆக்ராவில் வெள்ளிக்கிழமையா? தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்! டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை லீவு. இதுகூடத் தெரியாம தேதி போட்டவன் அந்த ஊர்ப் பக்கமே போனதில்லைன்னு அர்த்தம். அவனை நம்பியா எழுபது வயசில் கிளம்புவீங்க?

இப்போ சொல்லப்போறதுதான் எனக்கு வயித்தைக் கலக்குற விஷயம். "தமிழ்ச் சமையல்காரர் கூடவே வருவார்." கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்கே வெச்சுச் சமைப்பார்னு கேட்டீங்களா? 2023 ஆகஸ்ட் 26 விடிகாலை, மதுரை ஸ்டேஷன். லக்னோவிலிருந்து யாத்திரிகர்களை ஏத்திக்கிட்டு வந்த தனி சுற்றுலாப் பெட்டி நின்னுக்கிட்டிருக்கு. நாகர்கோவில் முடிச்சு, அடுத்து ராமேஸ்வரம் போகணும். திருட்டுத்தனமா ஏத்திட்டு வந்த கேஸ் சிலிண்டரைப் பத்தவெச்சிருக்காங்க. பெட்டி பத்திக்கிச்சு. 9 பேர் போயிட்டாங்க. அவங்களும் நம்மள மாதிரி புண்ணியம் தேடிக் கிளம்பினவங்கதான்.

ரயிலில் சிலிண்டரோ ஸ்டவ்வோ கண்ணில் பட்டா வாய் மூடி உக்காராதீங்க! அது ரயில்வே சட்டப்படி மூணு வருஷம் வரை உள்ளே தள்ளுற குற்றம். 139-லேயே புகார் சொல்லலாம். டூர்க்காரர் கோவிச்சுப்பார். கோவிச்சுக்கட்டும்.

ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் கண்ணு காதைத் திறந்து வைங்க. ஃபதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்தி தர்காவுக்குப் போர்த்துற துணின்னு ஒருத்தர் பக்திப் பேச்சு பேசியே ஆயிரக்கணக்கில் கறப்பார். வாங்கித்தான் ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. பிருந்தாவனத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள் வெச்சுடுங்க. குரங்கு பிடுங்கிட்டு மாடி ஏறிடும். ஃப்ரூட்டி பாக்கெட்டைத் தூக்கிப் போட்டு மீட்டுத் தர ஒரு பையன் ரெடியா நிப்பான், அதுக்கும் காசு. மதுரா ஜன்மபூமிக்குள்ளும் காசி விஸ்வநாதர் கோயிலுக்குள்ளும் செல்போன் கூடாது. "லாக்கர் இலவசம்"னு கூப்பிடுற கடையில் பூஜைத் தட்டு விலை எவ்வளவுன்னு முதல்லயே கேளுங்க. திரிவேணியில் படகோ, கயாவில் பண்டா புரோகிதரோ, ரேட்டைப் பேசி முடிச்ச பிறகுதான் உக்காரணும். சங்கல்பம் ஆரம்பிச்ச பிறகு பேரம் பேச உங்களுக்கே மனசு வராது. அது அவங்களுக்கும் தெரியும்.

அறநிலையத்துறை ராமேஸ்வரம்–காசி ஆன்மிகப் பயணத்துக்கு முதியவங்களை இலவசமா அழைச்சிட்டுப் போகுது. "உங்க பேரைச் சேர்க்கிறேன், கொஞ்சம் செலவாகும்"னு எவனாவது வந்தா வாசலோட அனுப்புங்க! இலவசப் பயணத்துக்கு எதுக்குப் பணம்?

பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் அந்தப் பணம் கைமாறுறதுக்கு முன்னாடி பேங்கில் முடக்க முடியும். மகன் திட்டுவானேன்னு மறைச்சு, ரெண்டு நாள் அழுதுட்டுக் கூப்பிடாதீங்க. திட்டினா திட்டட்டும், முதல்ல போனை எடுங்க.