‘100 சி’ பேட்டரி 36 வினாடி தாங்குமா?

ஆர்.சி. விமானம் பறக்கவிடும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “இரண்டும் 2200 எம்.ஏ.எச். லிப்போ பேட்டரிதான். ஒன்றில் 35 சி என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 100 சி. இரண்டாவதற்கு விலை அதிகம். கூடக் கொடுத்து வாங்கலாமா?” நல்ல கேள்வி. இந்தப் பொழுதுபோக்குக்குப் புதுச் சாமான்கள் வந்தபடியே இருக்கின்றன. காற்றில் தடுமாறும் விமானத்தைத் தானே நிமிர்த்தும் கைரோ ரிசீவர், சிக்னல் அறுந்தால் கிளம்பிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுவரும் ஜி.பி.எஸ். எல்லாம் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சொன்னதைச் செய்கின்றன. செய்யாவிட்டால் முதல் பறப்பிலேயே சாயம் வெளுத்துவிடும். பேட்டரியின் மேல் அச்சிட்ட ‘சி’ எண்ணுக்கு மட்டும் அந்தப் பயமே கிடையாது. எந்த விமானமும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட சோதனை முறை ஒன்றும் இந்த வியாபாரத்தில் இல்லை. அதனால்தான் முன்பு 20 சி, 30 சி என்று அடக்கமாக இருந்த எண், இன்று கூச்சமில்லாமல் 100-ஐத் தாண்டி நிற்கிறது. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கான சாட்சியம் அந்தப் பேட்டரியிலேயே இருக்கிறது.

சி என்பது வேகக் கணக்கு. 2200 எம்.ஏ.எச். பேட்டரியிலிருந்து 2.2 ஆம்பியர் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் காலியாகும்; அது 1 சி. 100 சி என்றால் 220 ஆம்பியர், அதாவது 36 வினாடியில் முழுப் பேட்டரியும் காலி. இப்போது பேட்டரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று செல்கள், ஏறத்தாழ 180 கிராம். வெளியே வரும் ஒயரின் முனையில் மஞ்சள் நிற எக்ஸ்.டி.60 கனெக்டர், அது விற்கப்படுவதே 60 ஆம்பியருக்கு. உள்ளே 220 ஆம்பியர் இருப்பதாகச் சொல்பவர் வாசலில் அறுபதுக்கான கனெக்டரை ஏன் பொருத்துகிறார்? யாரும் 220 எடுக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அவர் கணிப்பு சரிதான். ஒரு கிலோவுக்குச் சற்று மேலான எடையுள்ள பயிற்சி விமானம், முழு த்ராட்டிலில் 30, 40 ஆம்பியர் இழுக்கும். அதுவும் மேலேறும் சில வினாடிகளுக்கு. ஏழு நிமிடம் பறந்து, வழக்கம்போல ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து இறக்கினால், சராசரி மின்னோட்டம் 15 ஆம்பியர்தான். சி கணக்கில் அது வெறும் 7.

யாரும் கேட்காவிட்டாலும், கேட்டால் தருமா என்று பார்த்துவிடலாம். பேட்டரிக்குள் அகத்தடை ஒன்று உண்டு. புதிய, நல்ல 2200 பேட்டரியில் அறை வெப்பத்தில் அது ஒரு செல்லுக்கு 3 முதல் 6 மில்லி ஓம் வரை இருக்கும். 4 என்று வைத்துக்கொள்வோம். மூன்று செல்லுக்கும் சேர்த்து 12. இதன் வழியே 220 ஆம்பியர் போனால், ஒவ்வொரு செல்லும் 0.88 வோல்ட்டைத் தன்னிடமே இழக்கிறது. பாதி காலியான செல்லின் மின்னழுத்தம் 3.8 வோல்ட்டுக்குள்தான் இருக்கும். அதில் 0.88 போனால், தொடக்கூடாத 3 வோல்ட் கோட்டுக்குக் கீழே விழுந்துவிடும். வெப்பக் கணக்கு இன்னும் மோசம். மின்னோட்டத்தின் வர்க்கத்தை அகத்தடையால் பெருக்கினால் 580 வாட் வருகிறது. உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்குள் அரைக் கிலோவாட்டுக்கு மேல்! 36 வினாடியில் ஏறத்தாழ 21,000 ஜூல். இந்தப் பேட்டரியை ஒரு டிகிரி சூடேற்ற 180 ஜூல் போதும் என்பது நியாயமான மதிப்பீடு. வெப்பம் வெளியேற நேரமில்லை என்பதால், 116 டிகிரி ஏற்றம். 30 டிகிரி வெயிலில் ஆரம்பித்தால் முடிவில் 146. செல்லுக்குள் இரு மின்வாய்களையும் பிரித்து வைத்திருக்கும் பாலித்தீன் படலம் 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும். ஆக, 100 சி என்பது ஒரே ஒரு முறை மட்டும் செய்துபார்க்கக்கூடிய சோதனை.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம். மின்னோட்டம் இரட்டித்தால் வெப்ப வேகம் நான்கு மடங்காகிறது. ஆனால் பேட்டரி பாதி நேரத்தில் காலியாகிவிடுகிறது. எனவே ஒரு முழு வடிப்பில் சேரும் மொத்த வெப்பம் மின்னோட்டத்துக்கு நேர் விகிதத்தில் மட்டுமே ஏறும். பேட்டரி 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது பறப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் எல்லை. 30-லிருந்து 60 வரை, 30 டிகிரிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் எவ்வளவு இழுக்கலாம்? 57 ஆம்பியர். சி கணக்கில் 26. மஞ்சள் கனெக்டரின் அறுபதோடு இது ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். பேட்டரியில் உண்மை பேசுவது கனெக்டர் மட்டும்தான். 100 சி மெய்யாக வேண்டுமென்றால் அகத்தடை ஒரு செல்லுக்கு 1 மில்லி ஓமுக்கு இறங்க வேண்டும்.

அது ஏன் அவ்வளவு எளிதாக இறங்குவதில்லை? எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். மின்சாரம் எடுக்கும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளிலிருந்து வெளியேறி, மின்பகுளியைக் கடந்து, எதிர்ப்பக்கத்து ஆக்சைடு அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. எலெக்ட்ரான்களுக்கு அந்த வழி இல்லை. அவை ஒயர் வழியே மோட்டாரைச் சுற்றிக்கொண்டு வந்து அயனிகளோடு சேர்கின்றன. கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் முடிந்து விருந்தினர்கள் நடை வழியே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிறார்கள். வாழை இலை மட்டும் சமையற்கட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருகிறது. இலை விழாமல் யாரும் உட்கார முடியாது. நிதானமாக வந்தால் முதலில் வந்தவர் கடைசி வரிசைக்குப் போய் உட்காருவார், கூடம் ஒழுங்காக நிரம்பும். எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடித்தால் முதலில் வந்தவர் வாசலோர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிடுவார். உள்ளே பாதிக் கூடம் காலி. வாசலிலோ கால் வைக்க இடமில்லை. பந்தி மேற்பார்வையாளர் வாசலை மட்டும் பார்த்துவிட்டு “பந்தி நிறைந்துவிட்டது” என்று அறிவிக்கிறார். முழு த்ராட்டிலில் மின்னழுத்தம் சரிந்து, தரையில் நிற்பவருக்கு ‘பேட்டரி தீர்ந்தது’ என்று எச்சரிக்கை வருவது இந்த அறிவிப்புதான். த்ராட்டிலைக் குறைத்தால் வாசலோரத்தில் இருப்பவர்கள் மெல்ல உள்ளே நகர்கிறார்கள். சற்று நேரத்தில் மின்னழுத்தம் மீண்டும் ஏறுகிறது. அவசரமாகச் சார்ஜ் ஏற்றினால் இதே கூட்டம் தலைகீழாகத் திரும்பி ஓடும்; முகூர்த்தக் கூடத்தில் உள்ளே நுழைய முடியாதவர்கள் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள். கிராஃபைட்டின் மேற்பரப்பில் லித்தியம் உலோகமாகவே படிவது அப்படித்தான். அந்த வாசலில் ஏற்கெனவே பன்னீர் தெளிக்கும் மேசை ஒன்று உண்டு; கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே உருவாகும் மெல்லிய படலம் அது. பேட்டரிக்கு வயதாக ஆக மேசைகள் கூடிக்கொண்டே போகும், ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் வழிமறித்துக் குங்குமம் கொடுப்பார். இதற்கு மேல் இழுத்தால் இலை கிழிந்துவிடும்.

கூட்டத்தைத் தீர்க்க மண்டபக்காரர் என்ன செய்யலாம்? ஆழமான ஒரே கூடத்துக்குப் பதிலாக, இரண்டே வரிசை கொண்ட பல குறுங்கூடங்கள் கட்டலாம், ஒவ்வொன்றுக்கும் தனி வாசலோடு. பேட்டரிப் பொறியாளர்கள் செய்வதும் இதையே. மின்வாய்ப் பூச்சின் தடிமனைப் பாதியாக்கினால், அயனி அதன் ஆழம் வரை ஊடுருவ ஆகும் நேரம் கால் பங்காகிறது. அயனிகள் ஊடுருவும் நேரம் தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வரும் லாபம் இது. ஆனால் சுவருக்கும் செலவு உண்டு. பூச்சு மெலிந்தால் அதே 2200-க்கு அடுக்குகள் இரட்டிக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, பிரிப்புப் படலம் எல்லாம் வேண்டும். செம்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 9 கிராம். இவற்றில் எதுவும் ஆற்றலைச் சேமிப்பதில்லை, கனத்தை மட்டும் கூட்டுகின்றன. ஆகவே ஒரே கொள்ளளவுள்ள இரண்டு பேட்டரிகளில் வேகமாகக் கொடுக்கக்கூடியது கனமாகத்தான் இருக்கும். 35 சி-க்கும் 100 சி-க்கும் எடை ஒன்றே என்றால், வித்தியாசம் அச்சுக்கூடத்தில் நடந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்லும் சி எண்ணைவிட, சமையலறைத் தராசு காட்டும் எடை நம்பகமானது. ‘கிராஃபீன்’ என்று அட்டையில் மின்னும் பேட்டரிக்கும் இதே பரிசோதனைதான். மின்வாய்ப் பூச்சில் மின்கடத்தலுக்காகக் கார்பன் தூள் கலப்பது பழைய வழக்கம். அதில் ஒரு பகுதி கிராஃபீனாக இருந்தால் எலெக்ட்ரான்களுக்கு வழி சற்று சீராகலாம். வாசலில் நிற்கும் அயனிகளுக்கு அதனால் பெரிய நிவாரணம் இல்லை.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: பதிவான முதல் மின்சார ரேடியோ கட்டுப்பாட்டுப் பறப்பு 1957 ஜூன் 30 அன்று பிரிட்டனில் நடந்தது. கர்னல் டாப்ளினின் ‘ரேடியோ குயின்’ விமானத்தில் வெள்ளி-துத்தநாக பேட்டரி இருந்தது. பிறகு நெடுநாள் கனத்த நிக்கல்-காட்மியம் காலம். 1991-ல் சோனி லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2000-களின் தொடக்கத்தில் லிப்போ ஆர்.சி. விமானங்களுக்குள் நுழைந்தது. லித்தியம் அயனிக்கு வழிவகுத்த மூவருக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. சி எண்ணை அச்சிட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

இனி மறுப்புகள். “பேட்டரி சூடாக ஆக அகத்தடை குறையுமே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா?” என்று விவரமானவர்கள் கேட்பார்கள். குறையும், உண்மை. சூட்டில் அயனிகள் வேகமாக நகரும். அதனால்தான் போட்டியாளர்கள் குளிர்காலத்தில் பேட்டரியை முன்கூட்டியே சூடேற்றிக்கொள்கிறார்கள். தாராளமாகப் பாதியாகவே குறைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 116 டிகிரி 58 ஆகும், முடிவு வெப்பம் 88. எல்லை 60. கணக்கு மாறுகிறது, தீர்ப்பு மாறவில்லை. “100 சி என்பது தொடர்ந்து எடுப்பதற்கல்ல, சில வினாடிகளுக்குத்தான்” என்பது அடுத்த வாதம். சில பேட்டரிகளில் ‘பர்ஸ்ட்’ என்று இன்னும் பெரிய எண் தனியாகவே இருக்கும், அப்படியானால் முதல் எண் தொடர்ச்சிக்குத்தானே? தவிர, வெப்பம் சேரத்தான் நேரம் வேண்டும், 0.88 வோல்ட் சரிவு நொடிப்பொழுதிலேயே வந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது: “எண் பொய்யாக இருக்கட்டும், 100 சி போட்ட பேட்டரியில் விமானம் துள்ளிக் கிளம்புவது கண்கூடு.” இதை மறுக்க மாட்டேன். ஒரே தயாரிப்பாளரின் வரிசைக்குள் பெரிய எண் கொண்ட பேட்டரிக்குப் பெரும்பாலும் அகத்தடை குறைவுதான். டக்டட் ஃபேன் ஜெட், தலைகீழாகத் தொங்கிச் சுழலும் 3டி விமானம் ஆகியவற்றுக்கு அந்த வித்தியாசம் தேவையும்கூட. ஆனால் அங்கே நீங்கள் விலை கொடுப்பது குறைந்த அகத்தடைக்கும் கூடுதல் செம்புக்கும். ஒரு நிறுவனத்தின் 100-ஐயும் இன்னொன்றின் 60-ஐயும் ஒப்பிட அந்த எண் உதவாது. அதே நிறுவனத்துக்குள்ளும் 50-லிருந்து 100-க்குப் போனால் இரட்டிப்பு கிடைக்கும் என்று நம்ப ஆதாரமில்லை. பயிற்சி விமானத்துக்கோ, கனம் கூடிய அந்தப் பேட்டரி இறங்கும் வேகத்தைக் கூட்டும், மிதக்கும் சுகத்தைக் குறைக்கும். 7 சி கேட்பவனுக்கு 26 சி ஏற்கெனவே தாராளம்.

புதுச் சாமானுக்குச் செலவழித்தே தீருவேன் என்பவர்களுக்கு என் சிபாரிசு, டெலிமெட்ரி உள்ள இ.எஸ்.சி. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் அந்தச் சிறு பலகை, பறக்கும்போதே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கீழே அனுப்புகிறது. மெதுவாக மிதக்கையில் 2 ஆம்பியரில் 12.3 வோல்ட், உடனே முழு த்ராட்டிலில் 40 ஆம்பியரில் 11.5 வோல்ட் என்றால், 0.8-ஐ 38-ஆல் வகுங்கள்: 21 மில்லி ஓம். இதில் ஒயரும் கனெக்டரும் அடக்கம், எனவே சார்ஜர் காட்டுவதைவிடக் கூடுதலாகத் தெரியும். சார்ஜர்களும் இன்று செல்வாரியாக அகத்தடை காட்டுகின்றன. ஆனால் ஒரு சார்ஜருக்கும் இன்னொன்றுக்கும் எண் மாறும், குளிர்ந்த காலையில் எடுத்ததும் வெயிலில் எடுத்ததும் மாறும். ஒரே சார்ஜரில், ஒரே வெப்பத்தில், ஒரே சார்ஜ் அளவில் எடுத்து, தேதியோடு பேட்டரி மேலேயே எழுதிவைத்தால் மட்டும் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. மூன்று செல்களில் ஒன்று மட்டும் 4-லிருந்து 9-க்குப் போயிருந்தால், அந்தப் பேட்டரியின் திறன் இனி அந்த ஒன்பதின் கையில். முழுச் சார்ஜோடு வாரக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரியில் இது சீக்கிரம் வரும்; செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து எடுத்துவைத்தால் தாமதமாக வரும்.