மலைச்சரிவும் துவிச்சக்கரவண்டியின் பிறேக்கும்

கண்டியிலிருந்து தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவை நோக்கிச் செல்லும் பாதையில் ஒருமுறையேனும் பயணஞ்செய்தோர், அம்மலைப்புறத்தின் ஏற்றத்தை எளிதில் மறவார். 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் அம்மலைப்புறத்திலேயே உள்ளது. தேயிலைக்கு உகந்த சரிவு சக்கரத்துக்கு உகந்ததன்று. ஏறும்போது நம் கால்களைச் சோதிக்கும் மலை, இறங்கும்போது வண்டியின் பிறேக்கைச் சோதிக்கின்றது. கால் சளைத்தால் இறங்கி நடக்கலாம். பிறேக் சளைத்தாலோ இறங்குவதற்கும் வழியில்லை.

2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது, துவிச்சக்கரவண்டியை மறந்திருந்தோர் பலர் மீண்டும் அதனை நாடினர். இன்று விற்பனைக்கு வரும் மலைவண்டிகள் பலவற்றில், விளிம்பைப் பற்றும் இறப்பர்க் கட்டைகளுக்குப் பதிலாக, எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் தட்டுப் பிறேக் பொருத்தப்பட்டுள்ளது. அதனைச் சீராக்கி வைத்திருப்பது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், பிறேக் செய்யும் வேலை எத்துணைப் பெரியது என்று பார்ப்போம். வண்டியும் ஆளும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்வோம். அவர் 300 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி, குளிர்ந்த நீர் முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவானதைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நான்கு கோப்பைத் தேநீருக்கு அது காணும். அதில் ஒரு பங்கைக் காற்று ஏற்றுக்கொள்ளும். மெதுவாக இறங்குபவரிடத்தில் எஞ்சிய பெரும்பங்கு, இரு மெல்லிய உருக்குத் தட்டுகளையே வெப்பமாக வந்தடைகின்றது.

இத்தகைய பிறேக்கின் அடிப்படை, பிரான்சிய அறிஞர் பிளேஸ் பாஸ்கல் கண்ட உண்மையாகும். அவர் மறைந்தபின் 1663இல் வெளிவந்த நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. மூடிய கலத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அமுக்கினால், அவ்வமுக்கம் எல்லாத் திசைக்கும் குறையாது பரவும். கைப்பிடியிலுள்ள முசலத்தின் விட்டம் 10 மில்லிமீற்றரும், சக்கரத்தருகே உள்ள முசலத்தின் விட்டம் 22 மில்லிமீற்றருமாயின், பின்னதன் பரப்பளவு ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆதலால் விசையும் ஐந்து மடங்கு. இவ்விசையே உராய்வுப் பட்டைகளைத் தட்டின் இருபுறமும் நெருக்குகின்றது.

இனிச் சீராக்கும் முறையைக் கூறுவோம். சக்கரம் அதன் இருக்கையில் முழுமையாக அமர்ந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்க. பட்டைகளைத் தாங்கும் கலிப்பரின் இரு திருகாணிகளையும் அது சற்றே அசையுமாறு தளர்த்துக. கைப்பிடியை இறுக அழுத்தினால், கலிப்பர் தானே தட்டின் நடுவுக்கு வந்துவிடும். அழுத்திய கையை விடாமலே திருகாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. பின்னர், பின்புறம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து நோக்கினால், தட்டின் இருபுறமும் மெல்லிய ஒளிக்கீற்றுத் தெரியவேண்டும். சக்கரம் சுழலும்போது உரசல் ஓயாது கேட்டால் கலிப்பர் நடுவில் இல்லை. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் கேட்டால் தட்டு வளைந்திருக்கின்றது.

சக்கரத்தைக் கழற்றியபின் கைப்பிடியை அழுத்துதல் ஆகாது. இடையில் தட்டு இல்லாமையால் பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கிவிடும். பின்னர் சக்கரத்தைப் பொருத்த இடமிராது. பட்டைகளிடையே ஒரு தடித்த அட்டைத்துண்டைச் செருகி வைப்பது நன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பி பிறேக்கில் கட்டை தேயத்தேயக் கைப்பிடி தளர்ந்து நமக்கு அறிவிக்கும். எண்ணெய்ப் பிறேக்கிலோ, பட்டை தேய்ந்த அளவுக்கு முசலம் தானே முன்னேறிக்கொள்ளும். கைப்பிடியில் வேறுபாடு தோன்றாது. ஆகவே பட்டையின் தடிப்பைக் கண்ணால் பார்த்தே அறியவேண்டும். உராய்வுப் பொருள் அரை மில்லிமீற்றர் அளவுக்குத் தேயுமுன் மாற்றிவிடுதல் வேண்டும்.

புதிய பட்டைகள் முதல்நாளே முழுவலிமை காட்டா. சமதரையில் மிதவேகத்தில் ஓட்டி, சக்கரம் இறுகி நின்றுவிடாதபடி, நடைவேகத்துக்கு இருபது முறையளவில் குறைத்துப் பழக்கவேண்டும். தட்டில் எண்ணெயோ விரலின் பிசுக்கோ படலாகாது. படின் தூய மதுசாரத்தால் துடைக்கலாம். பட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் அதனை மாற்றுவதே பாதுகாப்பு.

அடுத்து, குழாயினுள்ளே நுழையும் காற்று. திரவம் சுருங்குவதில்லை, காற்றோ சுருங்கும். கைப்பிடி பஞ்சுபோல் அமுங்கி, பலமுறை அழுத்தியபின் கெட்டிப்பட்டால் உள்ளே காற்று உண்டென்று கொள்க. அதனை வெளியேற்றி எண்ணெய் நிரப்புவது, பழகாதவர் தேர்ந்த திருத்துநரிடம் ஒப்படைக்கவேண்டிய பணியாகும். சில பிறேக்குகள் கனிம எண்ணெயையும், சில டொட் எனும் வகைத் திரவத்தையும் வேண்டுவன. ஒன்றுக்கு ஒன்றை மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும். டொட் திரவம் ஈரத்தையும் உறிஞ்சவல்லது. டொட் 4 வகையின் கொதிநிலை, புதிதாயிருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155 பாகை வரை தாழலாம். கொதிக்கும் திரவத்தில் ஆவி தோன்றும். ஆவியும் காற்றைப்போலச் சுருங்கும். நீண்ட இறக்கத்தின் நடுவே கைப்பிடி திடீரென ஆழ்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆகவே, இறங்கும்போது பிறேக்கை ஓயாது இலேசாகப் பிடித்துக்கொண்டே செல்லாதீர்கள். வளைவுக்கு முன்னரே இரு பிறேக்குகளையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பின் விட்டு, தட்டுக்கு ஆறுதல் கொடுங்கள். நீண்ட சரிவாயின் இடையே நின்று செல்லுங்கள். நின்றவுடன் தட்டைத் தொட்டுப் பார்க்கவேண்டாம், சுடும்.

நேயர்களே, இவையனைத்தையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறவாதிருங்கள். மலையுச்சியில், வண்டியில் ஏறுமுன், இரு கைப்பிடிகளையும் இறுக அழுத்திச் சில நொடி பிடித்திருங்கள். அவை கல்லென நின்றால் வண்டியை முன்னே தள்ளிப் பாருங்கள். சக்கரம் அசையாதிருந்தால் புறப்படுங்கள். கைப்பிடி மெல்லமெல்ல உள்ளே ஆழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு. அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்குங்கள். வீடு சேர ஒரு மணிநேரம் தாமதமாகலாம். வாசலில் காத்திருப்போர் அதனைப் பொறுத்துக்கொள்வர்.