திரும்பச் சொல்லும் பழக்கம்

கெடா மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பொழுது விடியும் முன்பே பெரட்டுக் களம் நிரம்பிவிடும். கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, அன்று யார் எந்த நிரையில் பால்மரம் வெட்ட வேண்டும் என்று சொல்வார். கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் நிரையைத் தவறாகக் கேட்டுவிட்டால், அடுத்தவருடைய நிரையில் வெட்டத் தொடங்கிவிடுவார். அந்தத் தவறு சற்று நேரத்தில் தெரிந்துவிடும். சிறு வாக்குவாதத்தோடு முடிந்தும்விடும். ஆனால், வானத்தில் ஓர் எண்ணைத் தவறாகக் கேட்டால் என்ன ஆகும்?

கெடாவின் உயரமான மலைகளுள் ஒன்று ஜெராய் மலை. அதன் உயரம் 1,217 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4,000 அடி. சுங்கைப்பட்டாணியிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் பார்த்தால், மழைக்காலத்தில் அதன் உச்சியை மேகம் மூடியிருப்பது தெரியும். அலோர் ஸ்டார் விமான நிலையத்தை நோக்கி வரும் விமானி அத்தகைய மேகத்துக்குள் இருக்கும்போது மலை எங்கே, தரை எங்கே என்று கண்ணால் காண முடியாது. அப்போது அவருக்கு மூன்று துணைகள் உள்ளன: விமானத்திலுள்ள கருவிகள், கையிலுள்ள வரைபடம், தரையிலிருந்து வானொலிவழி ஒலிக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியின் குரல். இவ்வாறு கருவிகளை நம்பி ஓடுபாதையை நெருங்குவதே கருவிவழித் தரையிறக்கம் எனப்படும்.

இதில் பல வகை உண்டு. ‘ஐ.எல்.எஸ்.’ எனப்படும் முறையில், ஓடுபாதையின் திசையையும் விமானம் இறங்கவேண்டிய சரிவையும் கருவியே காட்டும். ‘என்.டி.பி.’ எனப்படும் பழைய முறையிலோ, தரையிலுள்ள வானொலி நிலையம் திசையை மட்டுமே காட்டும். எந்த இடத்தில் எவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை விமானி வரைபடத்தைப் பார்த்துத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும். எனவே, உயரத்தைக் குறிக்கும் ஒவ்வோர் எண்ணும் உயிரைக் காக்கும் எண்ணாகும்.

நம் நாட்டிலேயே நடந்த ஒரு விபத்து இதனை உணர்த்துகிறது. 1989ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் அதிகாலையில், ஃபிளையிங் டைகர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் 66ஆம் எண் சரக்கு விமானம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. அது போயிங் 747 வகையைச் சேர்ந்த பெரிய விமானம். அதில் நால்வர் இருந்தனர். என்.டி.பி. முறையில் தரையிறங்க அதற்கு அனுமதி வழங்கப்பட்டது.

விமானம் 2,400 அடி உயரத்துக்கு இறங்கலாம் என்பதே கட்டுப்பாட்டு அதிகாரி சொல்ல நினைத்தது. அவர் ஆங்கிலத்தில், “டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ” என்றார். ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், ‘அந்த அளவுக்கு’ என்று பொருள்தரும் சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே, ‘இரண்டு நான்கு சுழியம் சுழியம்’ என்று அவர் சொன்னது, விமானிகளின் காதில் ‘நானூறுக்கு இறங்கு’ என்று விழுந்தது. “ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ” என்று விமானத்திலிருந்து பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்த தவறு திருத்தப்படவில்லை.

விமானம் 2,400 அடிக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனது. தரை நெருங்குவதை உணர்ந்த எச்சரிக்கைக் கருவி ஒலி எழுப்பியது. ஆயினும், விமானிகள் உடனே விமானத்தை மேலே ஏற்றவில்லை. பூச்சோங் அருகே ஒரு மலைச்சரிவில் மோதி விமானம் நொறுங்கியது. நால்வரும் உயிரிழந்தனர்.

இந்த விபத்துக்கு ஒரு சொல் மட்டும் காரணம் அன்று. முதலாவதாக, எண் தெளிவான முறையில் சொல்லப்படவில்லை. இரண்டாவதாக, 400 அடி என்பது வரைபடத்திலுள்ள உயரத்தோடு பொருந்துகிறதா என்று விமானிகள் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மூன்றாவதாக, திரும்பச் சொன்ன எண் தவறு என்பது தரையில் இருந்தவருக்குப் பிடிபடவில்லை. நான்காவதாக, எச்சரிக்கை ஒலிக்கு உடனே செவிசாய்க்கவில்லை. இந்த நான்கில் ஏதேனும் ஒன்று சரியாக நடந்திருந்தால், அந்த நால்வரும் பிழைத்திருக்கக்கூடும்.

இத்தகைய தவறுகளைத் தடுக்க விமானத் துறையில் கடுமையான விதிகள் உள்ளன. 2,400 அடி என்றால் எண்களைத் தனித்தனியே அடுக்காமல், “டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்” என்று ஆயிரமும் நூறும் விளங்கச் சொல்ல வேண்டும். மற்ற எண்களோடு குழம்பாமல் இருப்பதற்காக ‘நைன்’ என்பதை ‘நைனர்’ என்று ஒலிப்பர். உயரம், ஓடுபாதை போன்ற முக்கியமான கட்டளைகளை விமானி அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். “சரி” என்று மட்டும் சொன்னால் போதாது. ஏனெனில், “சரி” என்ற சொல் கேட்டதைக் காட்டும். என்ன கேட்டது என்பதைக் காட்டாது. கட்டளையிட்டவரும் அந்தப் பதிலைக் கவனமாகக் கேட்டு, பிழை இருந்தால் உடனே திருத்த வேண்டும்.

மொழித்திறனும் இன்றியமையாதது. ஒரே வானில் பல நாட்டவர் பறக்கின்றனர். ஒவ்வொருவரின் ஆங்கில உச்சரிப்பும் வேறுபடும். ஆகவே, பன்னாட்டுப் பயணங்களில் ஈடுபடும் விமானிகளும் கட்டுப்பாட்டு அதிகாரிகளும் ஆங்கிலத்தில் பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் தக்க திறன் பெற்றிருக்க வேண்டும் என்ற அனைத்துலக விதி 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ஆறு நிலைகள் கொண்ட அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலையை அவர்கள் எட்ட வேண்டும்.

இவ்விதிகள் தரும் பாடம் விமானிகளுக்கு மட்டும் உரியதன்று. மருந்தகத்தில் பாட்டியின் மருந்தை எத்தனை வேளை, எத்தனை மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லும்போதும், தொலைபேசியில் ஒருவர் முகவரியைக் கூறும்போதும் நாம் பெரும்பாலும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். “காலையில் ஒன்று, இரவில் இரண்டு, அப்படித்தானே?” என்று திரும்பக் கேட்பதற்குச் சில நொடிகளே போதும். அவ்வாறு கேட்பது அறியாமையும் அன்று. மரியாதைக் குறைவும் அன்று. தெளிவாகச் சொல்வது ஒருவர் கடமை. கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்வது மற்றவர் கடமை. இவ்விரண்டும் சேரும்போதுதான் சொன்ன செய்தி சரியாகச் சென்று சேரும்.