முட்டைக் கீறலும் குழந்தையின் எலும்பும்

கெட்டுப்போன பண்டத்தைத் தின்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் படுக்கை. அவ்வளவுதான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். குடலில் நுழையும் ஒரு கிருமி குழந்தையின் கால் எலும்பையே அரிக்கவும் கூடும் என்பதை மளிகை வணிகர்கள் அறிந்திருப்பது நல்லது.

அந்தக் கிருமியின் பெயர் சால்மோனெல்லா. டைபாய்டு காய்ச்சலைத் தருவதும் இந்த இனம்தான். முட்டை, இறைச்சி, காய்ச்சாத பால், அசுத்த நீர் வழியாகக் குடலுக்குள் போகும் கிருமி சில வேளை இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வளரும் பிள்ளைகளின் தொடை எலும்பு, கணைக்கால் எலும்பு போன்றவற்றின் முனைப்பகுதியில் இரத்தம் மெதுவாக ஓடும். கிருமி அங்கே தங்கிச் சீழ் வைக்கிறது.

அரிவாள் செல் சோகை உள்ள குழந்தைகளுக்கே இது அதிகம் வரும். நன்றாக ஓடியாடும் பிள்ளைகளுக்கு வருவது அபூர்வம். அதனாலேயே எவருக்கும் சந்தேகம் எழுவதில்லை. வயிற்றுப்போக்கு இல்லாமலும் வரலாம். காய்ச்சலோடு குழந்தை காலை ஊன்ற மறுத்தால், விளையாட்டில் பிசகியிருக்கும் என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் பத்து நாட்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரத்தம், சீழ் ஆகியவற்றின் கல்ச்சர் சோதனையில்தான் கிருமி இன்னதென்று தெரியும். பிறகு பல வாரங்கள் மருந்து. சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். தாமதித்தால் எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

இதில் நம் பங்கு என்ன? கிருமி கடைச் சரக்கோடும் வீட்டுக்குள் போகிறது. கீறல் விட்ட முட்டையை விலை குறைத்துத் தள்ளிவிடாதீர்கள். வெயில் படும் இடத்தில் முட்டையை அடுக்காதீர்கள். ஓடு சுத்தமாக இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கக்கூடும் என்பதால், பிள்ளைகளுக்கு நன்றாக வேகவைத்தே கொடுக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் இந்த அச்சத்தால்தான்.

காய்ந்த சரக்கில் கிருமி பெருகாது. ஆனால் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அமெரிக்காவில் 2008-09இல் ஒரே நிறுவனத்தின் நிலக்கடலைச் சரக்கால் 714 பேர் நோயுற்றதாகப் பதிவானது. 9 பேர் இறந்தனர். கிருமி இருப்பது தெரிந்தும் சரக்கை அனுப்பிய அதன் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம் குடோனில் எலி, பல்லி எச்சம் விழாதபடி பருப்பு, கடலை மூட்டைகளை மூடி வையுங்கள். முட்டையைத் தொட்ட கையைக் கழுவிய பிறகே மற்ற பண்டங்களைப் பொட்டலம் கட்டுங்கள்.

உடைந்த முட்டையைச் சேதாரக் கணக்கில் எழுதினால் சில ரூபாய்தான் போகும். குழந்தையின் காலுக்கு அப்படிக் கணக்கு எழுத முடியாது. உறுப்பினர்கள் இதைக் கடைப் பையன்களுக்கும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.