ஆபீஸ் ரீ-இன்ஸ்டால் ஆகலையா? கார்டை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



போன மாசம் 19-ஆம் தேதி ராத்திரி. மறுநாள் ஒரு கிளையன்ட்டுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி ஃபைல் பண்ண கடைசி நாள். தாண்டினா ஒரு நாளைக்கு 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு 18% வட்டி. கணக்கு முழுக்க எக்ஸெல்ல இருக்கு. எக்ஸெல் அடிக்கடி ஹேங் ஆகுதேன்னு ஆபீஸை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போட்டேன். பாதியில எரர் காட்டி நின்னுடுச்சு. மூணு தடவை முயற்சி பண்ணியும் அதே கதைதான்.

"டைம் இல்ல, புதுசா ஒண்ணு வாங்கிடலாம்"னு கை தானா கார்டுக்குப் போச்சு. அப்பதான் உறைச்சது. நான் காசு கொடுத்து வாங்கின லைசென்ஸ் எங்கயும் போகலையே! சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகாதது வேற, லைசென்ஸ் இல்லாம போறது வேற. இந்த வித்தியாசம் தெரியாமதான் நிறைய பேர் ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை காசு கட்டுறாங்க.

1. லைசென்ஸ் எந்த ஐடியில இருக்கு?
25 எழுத்து ப்ராடக்ட் கீ ஒரு தடவைதான் வேலை செய்யும். அதுக்கப்புறம் லைசென்ஸ் உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல உட்கார்ந்துடும். லேப்டாப்போட வந்த ஆபீஸும் இப்படித்தான். எந்த மெயில் ஐடியில முதல்ல ஆக்டிவேட் பண்ணீங்களோ, அதே ஐடியில லாகின் பண்ணி அங்கிருந்தே டவுன்லோட் பண்ணுங்க. வேற ஐடியில போனா "வாங்குங்க"ன்னுதான் காட்டும்.

2. பழசு முழுசா போச்சா?
புது லேப்டாப்ல 365 ட்ரையல் முன்னாடியே போட்டிருப்பாங்க, சில சமயம் ரெண்டு மூணு மொழியில. செட்டிங்ஸ்ல ஆப்ஸ் லிஸ்ட்டைப் பார்த்து எல்லாத்தையும் எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் மிச்சம் ஒட்டிக்கிட்டிருந்தா, மைக்ரோசாஃப்ட் இலவசமா கொடுக்கிற அன்இன்ஸ்டால் டூல் இருக்கு.

3. 32 பிட்டா, 64 பிட்டா?
ரெண்டும் ஒரே கம்ப்யூட்டர்ல சேர்ந்து இருக்காது. பழைய 32 பிட் ஆபீஸ் ஏதாவது இருந்தா, 64 பிட் உள்ளே வராது.

4. இடமும் நெட்டும்
சி டிரைவ்ல குறைஞ்சது 4 ஜிபி காலியா வேணும். விபிஎன், ஆன்டிவைரஸ் ரெண்டையும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்க. வேலை முடிஞ்சதும் மறக்காம ஆன் பண்ணிடுங்க. நெட் விட்டு விட்டு வந்தா, அதே அக்கவுன்ட் பக்கத்துல இருக்கிற ஆஃப்லைன் இன்ஸ்டாலரை எடுத்துக்குங்க.

எனக்கு மாட்டினது ரெண்டாவதுதான். ஒரு பழைய ட்ரையல் ஒளிஞ்சிருந்தது. எடுத்தேன், நாற்பது நிமிஷத்துல வேலை முடிஞ்சது. காலையில ரிட்டர்னும் போயிடுச்சு.

இந்தத் தப்புகளை மட்டும் பண்ணாதீங்க

* சில நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் கீ" வாங்காதீங்க. பெரிய கம்பெனிகளுக்கு மொத்தமா கொடுத்த கீயை யாரோ பிரிச்சு வித்ததா இருக்கலாம். பிளாக் ஆனா காசு போனது போனதுதான்.
* கூகுள்ல தேடி கிடைக்கிற "சப்போர்ட்" நம்பருக்கு போன் பண்ணாதீங்க. எனிடெஸ்க் போடச் சொன்னா உடனே கட் பண்ணுங்க. பணம் போயிட்டா தாமதிக்காம 1930-க்கு கூப்பிடுங்க.
* கம்பெனி மெயில்ல வந்த ஆபீஸை உங்களோடதுன்னு நினைக்காதீங்க. வேலையை விட்டதும் அந்த லைசென்ஸும் போயிடும். உங்க ஃபார்ம் 16, பட்ஜெட் ஷீட் எல்லாத்தையும் முன்னாடியே உங்க சொந்த இடத்துல காப்பி எடுத்து வச்சுக்குங்க.

அவசரமா ஒரு ஷீட்டைத் திறக்கணும், அவ்வளவுதானா? பிரவுசர்ல எக்ஸெல் இலவசம், மேக்ரோ மட்டும் ஓடாது. லிப்ரே ஆபீஸும் இலவசம்தான்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. ஆபீஸ் வாங்கின பில், ஆக்டிவேட் பண்ண மெயில் ஐடி, ரெண்டையும் இன்ஷூரன்ஸ் பாலிசி வைக்கிற அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. அதுவும் நீங்க காசு கொடுத்து வாங்கின சொத்துதான்!