மெலிவு எல்லாம் சுகமல்ல

"நல்லா மெலிஞ்சு வடிவாய் வந்திட்டீங்கள் அக்கா" என்று வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். அவரைக் கண்டு நான்கு மாதங்கள். அவர் சிரிக்கவில்லை. "இதைப் பாருங்கோ தங்கச்சி" என்று சேலையைச் சற்று உயர்த்திக் காலைக் காட்டினார். விரலால் அழுத்தினேன். விழுந்த குழி அப்படியே நின்றது. தலைமயிரும் கற்றையாகக் கொட்டுகிறது என்றார்.

யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகள் இருவரைத் தனியே வளர்த்தவர் அவர். உடற்பருமனும் நீரிழிவும் முழங்கால் நோவும் வருத்தியதால், வெளிநாட்டிலுள்ள தங்கையின் உதவியுடன் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். தூரம் காரணமாக அதன்பின் கிளினிக் போகவில்லை.

இச்சிகிச்சையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றிவிடுகிறார்கள். சில கரண்டி உணவிலேயே வயிறு நிறைந்துவிடும். அந்தச் சில கரண்டியில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

"என்ன சாப்பிடுறீங்கள் அக்கா?"

"கஞ்சி, தேத்தண்ணி, பிஸ்கற். மீன் வாங்கினால் பிள்ளையளுக்குத்தான் காணும்."

உணவில் புரதம் குறைந்தால் உடல் தன் தசையையே கரைக்கத் தொடங்கும். களைப்பு வரும், காயம் ஆறச் சுணங்கும். குருதியில் அல்புமின் என்ற புரதம் குறையும்போது காலில் நீர் கோக்கும். கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். பரிசோதனையில் அல்புமின் குறைவு என்று தெரிந்தது.

இச்சிகிச்சை பெற்றவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் மீனில் 20 கிராமளவும் உண்டு. பருப்பு, கௌபி, பயறு, சோயா, தயிர், பால் என்பவையும் உதவும். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

சகோதரிகளே, சாப்பிடும்போது மீனையோ முட்டையையோ பருப்பையோ முதலில் உண்ணுங்கள், சோறு பிறகு. சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள். விற்றமின் குளிசைகளையும் கிளினிக்கையும் ஆயுள் முழுவதும் விடக்கூடாது.

எல்லோருக்கும் கொடுத்து மிஞ்சியதை உண்பது நம் தாய்மாரின் வழக்கம். சிறுத்த இரைப்பைக்கு அந்த வழக்கம் ஆபத்தானது. இதை நாங்கள் பிள்ளைகளோடும் இருந்து கதைத்தோம்.

மூன்று மாதங்களின் பின் மீண்டும் போனேன். கால் வீக்கம் வற்றியிருந்தது. இம்முறை நான் அவரது மெலிவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இண்டைக்கு முட்டை சாப்பிட்டீங்களோ அக்கா?" என்றுதான் கேட்டேன்.